சோபே ஆற்றில் விடியற்காலைப் படகுப் பயணம்: முதல் நாள் பிற்பகலிலிருந்து கரை திரும்பும் வரை

போட்ஸ்வானாவின் வடக்கு எல்லையில் உள்ள கசானே என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, சோபே தேசியப் பூங்காவின் கரையோரமாக விடியற்காலையில் செல்லும் படகுப் பயணத்தை ஒழுங்காகச் செய்து முடிப்பதற்கான வழிகாட்டி இது. உறவினர்களையும் நண்பர்களையும் இந்தப் பயணத்துக்கு அழைத்துச் சென்றபோதெல்லாம் ஒன்றைக் கவனித்தேன். அவர்கள் செய்த தவறுகளில் பெரும்பாலானவை படகில் கால் வைப்பதற்கு முன்பே நடந்து முடிந்தவை. ஆகவே கீழே உள்ள படிகளில் பாதிக்கும் மேற்பட்டவை தரையிலேயே நடக்கின்றன. அவற்றின் வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

1. காலையில் எது கிடைக்கும், எது கிடைக்காது

சோபே என்றவுடன் நினைவுக்கு வருவது யானைக் கூட்டம். அந்தக் காட்சியை எதிர்பார்த்து விடியற்காலைப் படகில் ஏறுபவர்தான் முதலில் ஏமாறுகிறார். யானைகள் இரவு முழுவதும் ஆற்றிலிருந்து விலகிய காட்டுக்குள் மேய்ந்துவிட்டு, வெயில் ஏறித் தாகம் எடுத்த பிறகே நீருக்கு இறங்குகின்றன. பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் கூட்டம் கூட்டமாக வரும். காலையில் தனியாகத் திரியும் ஓரிரு ஆண் யானைகள் கண்ணில் பட்டால் அதுவே அதிகம்.

காலையின் சிறப்பு வேறு. இரவெல்லாம் கரையில் புல் மேய்ந்த நீர்யானைகள் உடல் முழுவதும் வெளியே தெரிய நடந்து வந்து ஆற்றில் இறங்கும் நேரம் அது. பறவைகள் இரை தேடுவதும், மீன் கழுகு தலையைப் பின்னுக்கு வளைத்துக் கூவுவதும், சிங்கம் வந்திருந்தால் வெப்பம் ஏறி நிழலுக்குள் மறைவதற்கு முன் அது தென்படுவதும் இந்த நேரத்தில்தான். காற்று எழாததால் நீரும் கண்ணாடிபோல் கிடக்கும். இவை வேண்டுமென்றால் காலைப் பயணம். யானை மட்டும் போதுமென்றால் மாலைப் பயணம். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். அதற்கான காரணத்தைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே மழை நவம்பரில் தொடங்கி மார்ச்சில் ஓயும். அந்த மாதங்களில் காட்டுக்குள் இருக்கும் குட்டைகளிலேயே நீர் நிற்பதால், பெரிய விலங்குகளுக்கு ஆற்றங்கரைக்கு வர வேண்டிய கட்டாயம் இல்லை. மே முதல் அக்டோபர் வரை குட்டைகள் வரிசையாக வற்றுவதால், நாள் செல்லச் செல்ல ஆற்றங்கரையில் கூட்டம் கூடும்.

ஆற்றின் மட்டம் இந்த மழைக் கணக்கைப் பின்பற்றுவதில்லை. மேற்கே, அங்கோலாவின் மேட்டு நிலங்களில் பெய்த மழை மெதுவாக வந்து சேர்வதாலும், கீழே ஜாம்பேசி ஆற்றின் வெள்ளம் சோபேயை எதிர்த்துத் தள்ளுவதாலும், மழை நின்ற பிறகுதான், ஏறத்தாழ ஏப்ரல், மே மாதங்களில், ஆறு நிரம்பி நிற்கும். அப்போது ஆற்றின் நடுவே உள்ள செடுடு தீவின் புல்வெளி நீருக்குள் போய்விடும். அங்கே மேயும் எருமைகளையும் லெச்வே மான்களையும் அருகில் பார்க்க முடியாது. ஆகஸ்ட்டுக்குள் நீர் இறங்கி மணல்திட்டுகள் வெளிப்பட்ட பிறகுதான் நீர்ப்பரப்பை அலகால் கீறிக்கொண்டு பறக்கும் ஆலாப் பறவைகள் அந்தத் திட்டுகளில் கூடு வைக்கும்.

எனக்குப் பிடித்தவை ஆகஸ்ட் பிற்பகுதியும் செப்டம்பரும். குளிர் குறைந்திருக்கும், வெயில் இன்னும் கொளுத்தத் தொடங்கியிருக்காது, செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகளும் வந்து சேரத் தொடங்கும். ஜூன், ஜூலையில் ஆற்றின் மேல் மூடுபனி எழுந்து காட்சி அழகாக இருக்கும் என்றாலும், குளிருக்குத் தயாராகாமல் வந்தவர்களுக்கு அந்த அழகு கண்ணில் ஏறுவதில்லை.

3. முந்தைய இரவைக் கசானேயிலேயே கழியுங்கள்

பலரும் விக்டோரியா அருவியைப் பார்க்க ஜிம்பாப்வேக்கோ ஜாம்பியாவுக்கோ வந்துவிட்டு, அங்கிருந்து ஒரு நாள் பயணமாகக் கசானேக்கு வருகிறார்கள். தொலைவு 80 கிலோமீட்டர் அளவுதான் என்றாலும், கசுங்குலாவில் நாட்டு எல்லையைக் கடந்து, இரண்டு பக்கமும் முத்திரை வாங்கி, வாகனம் மாறி வந்து சேரும்போது விடியற்காலை போய் நடுக்காலை வந்துவிடும். அப்படி வருபவர்களுக்குக் கிடைக்கும் ‘காலைப் படகு’ பெரும்பாலும் ஒன்பது மணிக்குப் புறப்படுவது. ஆகவே முந்தைய நாளே எல்லையைக் கடந்து, முடிந்தால் ஆற்றங்கரையில் சொந்தப் படகுத்துறை உள்ள விடுதியில் தங்குங்கள்.

விசா விதிகள் கடவுச்சீட்டைப் பொறுத்து மாறுவதால், போட்ஸ்வானாவுக்கு உங்களுக்கு விசா வேண்டுமா என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகள் வழியாக வருபவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். கசானே மலேரியா உள்ள பகுதி. தடுப்பு மாத்திரைகளைப் பயணத்துக்கு முன்பே தொடங்க வேண்டியிருப்பதால், புறப்படும் வாரத்தில் மருத்துவரிடம் ஓடுவதில் பயனில்லை, சில வாரங்களுக்கு முன்பே போய்விடுங்கள்.

4. படகை அமர்த்தும்போது கேட்க வேண்டியவை

கசானேயில் இரண்டு வகைப் படகுகள் ஓடுகின்றன. ஒன்று, பெரிய குழுக்களை ஏற்றிச் செல்லும் இரண்டு தட்டுப் படகு. கழிப்பறையும் நிழற்கூரையும் இருக்கும், ஆனால் மெதுவாகத் திரும்பும், ஆழமில்லாத இடங்களுக்குப் போகாது. மற்றொன்று, பத்துப் பேர் அளவில் அமரக்கூடிய தட்டையான அலுமினியப் படகு. நீர்மட்டத்துக்கு அருகில் அமர்ந்திருப்போம், நாணல் ஓரம் வரை செல்லலாம், ஆனால் கழிப்பறை இருக்காது. விடியற்காலைக்குச் சிறிய படகையே பரிந்துரைக்கிறேன். முதியவர்களோ சிறு குழந்தைகளோ உடன் இருந்தால் மட்டும் பெரிய படகைக் கருதுங்கள்.

முதல் கேள்வி, எத்தனை மணிக்குக் கரையை விட்டுப் புறப்படும் என்பது. பூங்காவின் வாயில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலை 6 மணிக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரை 5:30 மணிக்கும் திறக்கிறது. எந்த மாதத்திலும் வாயில் திறந்த பிறகே சூரியன் எழுகிறது. ஜூனில் சூரியன் 6:45 மணியளவில் வருவதால், ஆறே காலுக்குப் படகில் இருப்பவருக்கு விடியல் முழுவதும் கிடைக்கும். ‘அதிகாலைப் பயணம்’ என்ற பெயரை நம்பிப் பணம் கட்டிவிட்டு, புறப்படும் நேரம் எட்டு மணி என்பதை முதல் நாள் இரவில் அறிந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். மணியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பூங்கா நுழைவுக் கட்டணம் சொன்ன விலைக்குள் அடங்குமா என்பது. பல இடங்களில் அது தனி. மூன்றாவது, படகில் எத்தனை பேர் என்பது. பத்து இருக்கையில் பத்துப் பேரும் அமர்ந்தால் நடு இருக்கைக்காரருக்குப் பக்கத்தில் இருப்பவரின் தோள்தான் தெரியும். ஆறு பேர் வசதியான எண்ணிக்கை. புகைப்படம் எடுப்பதே நோக்கமானால், சுழலும் நாற்காலியும் கேமரா தாங்கியும் பொருத்திய படகுகளும் உண்டு. அவற்றின் விலை அதிகம், முன்பதிவும் வெகு முன்பே தேவை.

5. முதல் நாள் பிற்பகலில் படகுத்துறைக்கு ஒரு முறை நடந்து பாருங்கள்

இதைச் செய்யாதவர்களே அதிகம். அறையிலிருந்து படகுத்துறைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எங்கே படி, எங்கே சரிவு, படகில் ஏற எவ்வளவு உயரம் கால் தூக்க வேண்டும் என்பவற்றை வெளிச்சத்தில் பார்த்துவிட்டால், இருட்டில் தடுமாற வேண்டியதில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதற்குப் பலகையோ முக்காலியோ வேண்டுமா என்பதை அப்போதே சொல்லிவிடலாம்.

வரவேற்பு மேசையில் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும், அறையிலிருந்து அழைத்துச் செல்லக் காவலர் வேண்டும், சைவ உணவு வேண்டும். கடைசியைச் சொல்ல மறந்தால், காலையில் பொட்டலத்தில் வருவது இறைச்சி வைத்த ரொட்டியாக இருக்கலாம். எதுவும் கிடைக்காவிட்டாலும் காப்பியும் கெட்டி ரஸ்கும் எங்கும் கிடைக்கும். தென்னாப்பிரிக்க வட்டாரம் முழுவதும் ரஸ்கைக் காப்பியில் தோய்த்தே சாப்பிடுகிறார்கள், அந்த வகையில் நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

6. இரவே எடுத்து வைக்க வேண்டியவை

ஜூன், ஜூலை விடியலில் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. படகு வேகமெடுக்கும்போது முகத்தில் அடிக்கும் காற்று அதை இன்னும் குளிராக்கும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நம்பிப் பருத்திச் சட்டையோடு வந்தவர்கள் முதல் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உறைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் சுடும் என்பதால், கனமான ஒரே கோட்டு உதவாது. சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் காற்றுப் புகாத மெல்லிய மேலங்கி என்று ஒவ்வொன்றாகக் கழற்றக்கூடியபடி அணியுங்கள். நம் ஊரில் மார்கழியில் பெரியவர்கள் மாட்டிக்கொள்ளும் குரங்குக் குல்லாவுக்கு இங்கே முழு மரியாதை உண்டு. கூச்சப்படாமல் எடுத்து வாருங்கள்.

பைனாகுலரை ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் கைமாற்றித் தரும் நேரத்துக்குள் பறவை போய்விடும். எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். பத்து, பன்னிரண்டு மடங்குக் கருவியில் படகின் ஆட்டமும் அதே மடங்கு பெரிதாவதால் எதுவும் நிலைத்துத் தெரியாது. கழுத்துக் கயிறு உள்ள தொப்பி, வெயில் களிம்பு, கொசு விரட்டி, நீர் புகாத பை, சிறிய டார்ச், கட்டணத்துக்கும் அன்பளிப்புக்கும் கொஞ்சம் பூலா (போட்ஸ்வானா நாணயம்) நோட்டுகள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக் கதவருகே வையுங்கள். ட்ரோனை எடுத்து வராதீர்கள். பூங்காவில் அதற்கு அனுமதி இல்லை.

காலையில் தண்ணீரையும் காப்பியையும் அளவோடு குடியுங்கள். சிறிய படகில் இரண்டு, மூன்று மணி நேரம் கழிப்பறை இல்லை. ‘கரையில் எங்காவது நிறுத்துங்கள்’ என்று கேட்கக்கூடிய கரையும் அது அல்ல.

7. அறையிலிருந்து படகுத்துறைக்குத் தனியாக நடக்காதீர்கள்

கசானேயில் ஊருக்கும் காட்டுக்கும் நடுவே வேலி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. நீர்யானைகள் இரவில் விடுதிகளின் புல்தரையிலேயே மேய்கின்றன, யானைகள் சாலையைக் கடக்கின்றன. விடியலுக்குச் சற்று முன் நீர்யானை ஆற்றுக்குத் திரும்பும் அதே பாதையில்தான் நீங்களும் ஆற்றுக்கு நடக்கிறீர்கள். அதற்கும் நீருக்கும் இடையே மனிதர் நிற்பது அதன் தப்பிக்கும் வழியை அடைப்பதாகும்; ஒன்றரை டன் எடையுள்ள அந்த விலங்கு, குறுகிய தூரத்தில் மனிதரை எளிதாக முந்தி ஓடும்.

காவலர் வரும் வரை அறைக் கதவுக்குள்ளேயே காத்திருங்கள். அவர் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் ‘பக்கத்தில்தானே’ என்று கிளம்ப வேண்டாம். அவரையும் படகோட்டியையும் ‘டுமேலா ரா’ என்று வணங்குங்கள், பெண்ணாக இருந்தால் ‘டுமேலா மா’. செட்ஸ்வானா மொழி பேசும் மக்கள் வணக்கம் சொல்லாமல் வேலைப் பேச்சைத் தொடங்குவதை மரியாதைக் குறைவாகக் கருதுகிறார்கள்.

8. எந்தப் பக்கம் அமர்வது

கசானேயிலிருந்து படகு ஆற்றை எதிர்த்து மேற்கு நோக்கிச் செல்கிறது. அப்போது உங்கள் இடப்பக்கம் தென்கரை, அதாவது பூங்காவின் மரங்கள் அடர்ந்த மேட்டுக்கரை. வலப்பக்கம் செடுடு தீவும் அதற்கு அப்பால் நமீபியாவின் வெள்ளச் சமவெளியும். சூரியன் முதுகுக்குப் பின்னால் எழுவதால், முன்னால் உள்ளவை எல்லாம் ஒளி பட்டுத் துலங்கும். இங்கே குளிர்காலத்தில் சூரியன் வடக்குச் சாய்வாகச் செல்வதால் தென்கரையின் மேல் வெளிச்சம் நேராக விழும். ஆகவே போகும்போது இடப்பக்க ஓர இருக்கையைப் பிடியுங்கள். திரும்பும்போது ஒளி எதிரே இருக்கும். நல்ல காட்சிகளைத் ‘திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம்’ என்று தள்ளி வைப்பவர்கள் கருநிழல் படங்களோடு வீடு திரும்புகிறார்கள்.

அமர்ந்தவுடன் உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று கேட்டு, குழந்தைகளுக்கு அப்போதே அணிவித்துவிடுங்கள். பிறகு, ஒரே பக்கத்தில் எதையாவது கண்டதும் எல்லாரும் எழுந்து அந்தப் பக்கம் சாயக்கூடாது என்பதை உங்கள் குழுவுக்குத் தமிழில் ஒரு முறை அழுத்தமாகச் சொல்லுங்கள். தட்டையான படகில் எடை ஒரு பக்கம் குவிந்தால் நீர் உள்ளே ஏறும். அந்த நீரில் முதலைகள் இருக்கின்றன.

9. பூங்காப் பதிவு

புறப்பட்ட சிறிது நேரத்தில் ஆற்றோரம் உள்ள பூங்கா அலுவலகத்தில் படகு நின்று பதிவு செய்யும். கட்டணம் முன்பே செலுத்தியிருந்தால் இது சில நிமிட வேலை. பணத்தைத் தேடிப் பைகளைத் துழாவும் ஒருவரால் பத்துப் பேரின் சூரிய உதயம் கரையிலேயே கழிந்த காலையும் உண்டு. ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

10. முதல் ஒரு மணி நேரம்: வேகத்தைக் கேட்காதீர்கள்

புதியவர்கள் படகோட்டியிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘சிங்கம் எங்கே?’ என்பது. அதற்குக் கட்டுப்பட்டு அவர் எஞ்சினை முடுக்கினால், சிங்கம் இருக்கக்கூடிய இடத்துக்குப் போகும் வழியில் உள்ள அனைத்தையும் இழப்பீர்கள். மாறாக, ‘மெதுவாகப் போகலாம், பறவைகளுக்கும் நிறுத்துங்கள்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். படகோட்டிகளில் பெரும்பாலோர் பறவைகளைக் கூர்ந்து அறிந்தவர்கள். பார்ப்பவருக்கு ஆர்வம் இருப்பது தெரிந்தால் அவர்களுக்கும் உற்சாகம் வந்துவிடும்.

காலையின் வரிசை ஏறத்தாழ இப்படி அமைகிறது. முதலில் நீர்யானைகள்: வெயில் அவற்றின் தோலுக்கு ஆகாது என்பதால், வெளிச்சம் ஏற ஏற ஆற்றுக்குள் போய்விடும், தீவின் புல்வெளியில் நிற்பவற்றைப் பார்க்கச் சூரியன் எழுந்த முதல் அரை மணி நேரமே ஏற்றது. அடுத்து பறவைகள். நாணல் நுனிகளில் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பார்க்கலாம்; தமிழ்நாட்டு ஏரிகளின் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாகப் பாயும் அதே இனம்தான் இது. அல்லி இலைகளின் மேல் நீண்ட விரல்களால் நடக்கும் இலைக்கோழி, சிறகை விரித்து உலர்த்தும் பாம்புத்தாரா, நத்தையைத் தேடும் நத்தைகுத்தி நாரை ஆகியவற்றின் உறவினர்களை வேடந்தாங்கலில் பார்த்துப் பழகியவர்களுக்கு, பெயர் தெரியாமலேயே அடையாளம் பிடிபடும்.

முதலைகள் கடைசியில். குளிர்ந்த இரவில் நிலத்தைவிட நீர் வெதுவெதுப்பாக இருப்பதால் அவை நீருக்குள்ளேயே இருந்துவிட்டு, வெயில் உறைக்கத் தொடங்கியதும் மணலில் ஏறிப் படுக்கின்றன. ஏழு மணிக்கு ‘ஒரு முதலைகூட இல்லையே’ என்று சலித்துக்கொண்டவர்கள், எட்டரை மணிக்கு அதே மணல்திட்டில் நான்கைப் பார்த்ததுண்டு.

சிங்கத்துக்கான துப்பு மற்ற விலங்குகளிடம் இருக்கிறது. கரையில் இம்பாலா மான்கள் எல்லாம் மேய்ச்சலை நிறுத்தி ஒரே திசையை உற்று நோக்கினால், அல்லது மரத்தின் மேலிருந்து பபூன் குரங்குகள் குரைத்தால், எஞ்சினை நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிடம் காத்திருங்கள். எதுவும் வராமலும் போகலாம்; எனக்குப் பலமுறை வந்ததில்லை. பூக்கு என்னும் பொன்னிற மானை மட்டும் கட்டாயம் கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் போட்ஸ்வானாவில் இந்த ஆற்றங்கரைச் சமவெளியில்தான் அது வாழ்கிறது.

தீவின் வடபுறக் கிளையில் நமீபியக் கொடியோடு படகுகளைக் கண்டால் குழம்ப வேண்டாம். 1999-இல் சர்வதேச நீதிமன்றம் தீவைப் போட்ஸ்வானாவுக்கு உரியது என்று தீர்த்தபோது, தீவைச் சுற்றியுள்ள இரு கிளைகளிலும் இரு நாட்டுப் படகுகளும் சமமாகச் செல்லலாம் என்ற ஏற்பாட்டையும் பதிவு செய்தது.

11. நீர்யானையிடம் தூரம்

‘இன்னும் கொஞ்சம் பக்கத்தில்’ என்று படகோட்டியை வற்புறுத்துவது இந்தப் பயணத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. நீர்யானை நீந்துவதைவிட ஆற்றின் அடியில் கால் ஊன்றி ஓடுவதே அதிகம். ஆழமில்லாத நீரில் அது மூழ்கிவிட்டால் எங்கே எழும் என்பதைக் குமிழிகளையும் நீர்ப்பரப்பின் மேடான அசைவையும் வைத்தே ஊகிக்க முடியும். அதனால்தான் அனுபவமுள்ள படகோட்டி ஆழமான நடு ஓட்டத்தை விட்டு விலகாமல், கூட்டத்துக்குப் போதிய இடைவெளி விட்டுப் போகிறார்.

வாயை அகலத் திறப்பதைக் கொட்டாவி என்று எண்ணிச் சிரிக்காதீர்கள். பல்லைக் காட்டி விரட்டும் எச்சரிக்கை அது. தலையை ஆட்டி நீரைச் சிதறடித்தாலோ, படகை நோக்கி ஒரு முறை பாய்ந்து நின்றாலோ, படகோட்டி விலகுவார். அப்போது எழுந்து நிற்காமல் அமர்ந்திருங்கள். கை, கேமராக் கயிறு, சால்வை நுனி எதுவும் நீர்ப்பரப்பைத் தொடும்படி தொங்கக்கூடாது.

12. படம் எடுப்பது

முதல் அரை மணி நேரம் வெளிச்சம் குறைவு என்பதால் கேமராவின் ஒளி உணர்திறன் அளவான ஐஎஸ்ஓ-வை 1600 முதல் 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். சற்றுப் புள்ளி விழுந்த படத்தைத் திருத்தலாம்; ஆடிப்போன படத்தைத் திருத்த முடியாது. பறக்கும் பறவைக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவோ இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது லென்ஸைக் கம்பியின் மேல் ஊன்றாதீர்கள், அதிர்வு நேராகக் கேமராவுக்குள் ஏறும். எஞ்சின் நின்ற பிறகு ஊன்றலாம்.

கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்கள் தொலைவில் உள்ள பறவையைப் பெரிதாக்கப் போராட வேண்டாம். மூடுபனி, ஆறு, கரையில் நிற்கும் விலங்கு எல்லாம் சேர்ந்த அகலமான காட்சியை எடுங்கள். கைப்பேசி அதை நன்றாகவே செய்யும்.

13. கரை திரும்பிய பிறகு

ஒன்பது மணியளவில் இறங்கும்போது, அன்பளிப்பைப் படகோட்டியின் கையில் நேரடியாகக் கொடுங்கள். வழக்கமான தொகையை முதல் நாளே விடுதியில் கேட்டு வைத்திருந்தால் அந்த நேரத்தில் தடுமாற்றம் இருக்காது. ஈரமான பைகளைத் திறந்து, லென்ஸையும் பைனாகுலரையும் துடைத்து உலர வையுங்கள்.

பூங்கா நுழைவுக் கட்டணம் நாள் கணக்கில் வாங்கப்படுவதால், காலையில் செலுத்திய ரசீதையே அன்று பிற்பகல் பயணத்துக்கும் காட்டலாம். ஆகவே யானைகளுக்கான மாலைப் படகை மறுநாளுக்கு வைக்காமல் அதே நாளில் மூன்று மணிக்கு அமர்த்துங்கள். இடையில் மதிய உணவுக்குப் பின் கட்டாயம் ஒரு மணி நேரம் உறங்குங்கள், ஏனென்றால் நாலரை மணிக்கு எழுந்தவர்கள் மாலைப் படகில், யானைகள் ஆற்றை நீந்திக் கடக்கும் நேரத்தில், இருக்கையில் சாய்ந்து தூங்கிவிடுகிறார்கள்.